பிரிந்து சேர்ந்த ராக் குழுவை நேரில் பார்ப்பது எப்படி: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1993-இல் மாமா பஹ்ரைனிலிருந்து லீவுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. அங்கே ஏதோ கடையில் பதிவு செய்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட். உள்ளே இருந்த அட்டையில் பாட்டுப் பெயர்களை நீலப் பேனாவால் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். மேலே 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' என்று கொட்டை எழுத்து. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பியானோவில் தொடங்கி எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். நாடா அதற்குப் போதாது. ஐந்து நிமிடம் தாண்டியதும் 'டக்' என்று பொத்தான் எழும்பி டேப் நின்றுவிடும். தக்கலையில் எங்கள் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டை எத்தனையோ நூறு தடவை கேட்டிருக்கிறேன். முழுசாகக் கேட்டதே இல்லை.

அப்புறம் அந்த அமெரிக்க ராக் குழுவே உடைந்தது. கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் 1996-இல் வெளியேறினார், பாஸ் கிட்டார் வாசித்த டஃப் மெக்கேகன் 1997-இல். 2012-இல் பாடகர் ஆக்சல் ரோஸிடம் மறுபடி சேர்வீர்களா என்று கேட்டபோது 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்றார். நாலு வருஷத்தில் மூவரும் ஒரே மேடையில் நின்றார்கள், அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர் சொன்ன பதிலையே பெயராகவும் வைத்தார்கள். 2025 மே 17, சனிக்கிழமை, மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது நானும் மாமாவும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

நம் மாவட்டத்தில் ராக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். சர்ச் கொயரில் கிட்டார் பிடித்துப் பழகியவர்கள், வளைகுடா கேசட்டில் வளர்ந்தவர்கள், இப்போது போனில் கேட்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று மார்த்தாண்டம் முதல் கன்னியாகுமரி வரை இருக்கிறார்கள். ஆனால் மேடை எப்போதும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது. அவ்வளவு தூரம் போய், பாட்டைக் கேட்காமல் காலையும் போனையும் பார்த்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தயாரானால்தான் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் முழுசாக இசைக்குக் கிடைக்கும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: சேர்ந்திருப்பது யார் யார் என்று பாருங்கள்

போஸ்டரில் பழைய பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் பழையவர்கள் என்பதுதான் கேள்வி. கன்ஸ் அண்ட் ரோசஸ் 2012 டிசம்பரிலும் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரு, மும்பை, டெல்லிப் பக்கம் என்று மூன்று கச்சேரிகள். பாடியவர் ஆக்சல் ரோஸ்தான், ஆனால் அன்று ஸ்லாஷும் இல்லை, டஃப்பும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் நல்ல கச்சேரி பார்த்தார்கள். பிரிந்து சேர்ந்த குழுவைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. 2025-இல் மும்பைக்கு வந்தபோது அந்த மூவரும் இருந்தார்கள், கீபோர்டில் 1990 முதல் இருக்கும் டிஸ்ஸி ரீடும் இருந்தார். டிரம்ஸில் மட்டும் அந்த மார்ச் மாதம்தான் சேர்ந்த ஐசக் கார்பென்டர். இது தெரிந்துபோனால் மேடையில் யாரைப் பார்க்க வந்தோம், யாரைப் புதிதாகக் கேட்கப் போகிறோம் என்ற தெளிவு இருக்கும்.

சேர்க்கையில் பல வகை உண்டு. லெட் செப்பலின் 2007 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு இரவு சேர்ந்தது. 1980-இல் இறந்த டிரம்மர் ஜான் பான்ஹமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் உட்கார்ந்தார். டிக்கெட்டுக்கு இரண்டு கோடி விண்ணப்பங்கள் வந்ததாகச் சொன்னார்கள், குலுக்கல் முறையில்தான் கொடுத்தார்கள். பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் 2005 ஜூலை 2-ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் 24 வருஷத்துக்குப் பிறகு சேர்ந்தார்கள். 2008-இல் அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ரைட் இறந்துவிட்டதால் அதுதான் கடைசி. ஈகிள்ஸ் 1980-இல் பிரிந்து 1994-இல் சேர்ந்து பல வருஷம் ஊர் ஊராக வாசித்தார்கள். ஒயாசிஸ் 2009-இல் பாரிஸில் உடைந்து 2025 ஜூலை 4-இல் கார்டிஃபில் திரும்பி வந்தது.

பிளாக் சப்பாத் கதை கேட்டால் நெஞ்சு கனக்கும். 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க். ஆசி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். ஆதி நால்வரும் 20 வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக வாசித்த மேடை அது. பதினேழாவது நாள், ஜூலை 22, அவர் காலமானார். 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று என் நண்பர்கள் சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு தேதிகள்தான் ஞாபகம் வரும்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் குழுவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஆட்களின் பெயரைப் பாருங்கள். ஒரே பழைய ஆள் மட்டும் பெயரைச் சுமந்து வருகிறார் என்றால் பெங்களூரு வரை போகலாம், மும்பை வரை வேண்டாம் என்பது என் கணக்கு. முக்கியமான இருவர் மூவர் வந்தால் கடன் வாங்காமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள்.

இரண்டாம் படி: எந்த ஊரில் பார்ப்பது

பெரிய ராக் குழுக்கள் இந்தியா வந்தால் மும்பை, பெங்களூரு, டெல்லிப் பக்கம், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் நிற்பார்கள். நமக்கு பெங்களூருதான் வசதி. அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் அங்கே அரண்மனை மைதானத்தில்தான் வாசித்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999-இல் திரும்பி வந்த பிறகான அணி அது. மெட்டாலிகாவும் 2011 அக்டோபர் 30-இல் அதே மைதானத்தில் வாசித்தது. ஒரு கச்சேரி மும்பையிலும் பெங்களூருவிலும் இருந்தால் யோசிக்காமல் பெங்களூருவை எடுங்கள், ஒரு ராத்திரிப் பயணத்தோடு முடிந்துவிடும்.

அபுதாபியையும் விட்டுவிட வேண்டாம். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். தங்க இடம் உண்டு, திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் உண்டு. பெரிய குழுக்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. கன்ஸ் அண்ட் ரோசஸே 2023-இல் யாஸ் தீவில் வாசித்தது. அங்குள்ள அரங்கம் ஏசி போட்டது என்பதால் வயதானவர்களைக் கூட்டிப்போக நல்லது. விசா செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

விற்பனை பெரும்பாலும் ஆப் வழியாகத்தான், புக்மைஷோ அல்லது டிஸ்ட்ரிக்ட். விற்பனை தொடங்கும் நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவார்கள். ஆப் உங்களை ஒரு வரிசையில் நிறுத்தி எண் கொடுக்கும். முறை வந்ததும் சில நிமிடங்களில் பகுதியைத் தேர்ந்து பணம் கட்டி முடிக்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கார்டு மாமாவுடையது. நான் முன்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும். முறை வந்தது, முன்வரிசைப் பகுதி கிடைத்தது, கார்டு எண் போட்டேன், ஓடிபி கேட்டது. மாமாவின் போன் அடுக்களையில் மிக்சிப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. மாமி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு மக்களே, இதை என்ன செய்யணும்?" என்று அங்கிருந்தே கேட்டார். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, நான் நாலாவது எண்ணை அடிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. திரும்ப வரிசையின் கடைசிக்குப் போனோம். இரண்டாவது தடவை பின்பகுதி டிக்கெட்தான் கிடைத்தது.

எனவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். விற்பனைக்கு முந்தைய நாளே ஆப்பில் கணக்குத் திறந்து, பெயர், போன் எண் சரிபார்த்து, கார்டு அல்லது யுபிஐ விவரத்தைச் சேமித்துவிடுங்கள். உங்கள் வங்கியில் ஒரு நாளைக்கு எவ்வளவு வரை கட்டலாம் என்ற வரம்பைப் பாருங்கள், இரண்டு மூன்று டிக்கெட் சேர்ந்தால் அது தாண்டிவிடும். ஓடிபி வரும் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்தில் இருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஃபைபர் இணைப்பு இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வரிசையில் நிற்கும்போது பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், இருந்த இடமும் போய்விடும்.

எந்தப் பகுதி எடுப்பது? மேடைக்கு ஒட்டிய பகுதி விலை அதிகம், நெரிசலும் அதிகம். நாற்காலி உள்ள பகுதி இருந்தால் அறுபது தாண்டியவர்களுக்கு அதை எடுங்கள். விலையைப் பார்க்கும்போது கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைப் பாருங்கள். வரியும் வசதிக் கட்டணமும் அங்கேதான் ஏறும். டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகிறதோ அதே அளவு பயணத்துக்கும் தங்கவும் சாப்பிடவும் ஒதுக்கிவைத்தால் கையைக் கடிக்காது.

டிக்கெட் தீர்ந்துபோனால் சமூக ஊடகத்தில் 'எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கு' என்று ஆட்கள் வருவார்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ஒரே க்யூஆர் படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், நுழைவாயிலில் முதலில் ஸ்கேன் செய்தவர் மட்டும்தான் உள்ளே போக முடியும். 'பணம் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கும் வேலை. பணம் வாங்க யாருக்கும் பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அப்புறம், உங்கள் டிக்கெட்டை ஸ்டேட்டஸில் போடும் ஆசை எனக்குப் புரிகிறது. க்யூஆரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

நான்காம் படி: ரயில்

டிக்கெட் உறுதியான அதே நாளில் ரயிலையும் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. போகும் தேதிக்கு ஒரு நாள், திரும்பும் தேதிக்கு ஒரு நாள் என்று இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். தவறினால் தட்கல்தான். முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர்.

பெங்களூருக்கு இரண்டு வழி. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில் காலையில் கிளம்பி, நாகர்கோவில், இரணியல், குழித்துறை, திருவனந்தபுரம், எர்ணாகுளம், பாலக்காடு, சேலம் என்று சுற்றி மறுநாள் காலை போய்ச் சேரும். நாகர்கோவில் – பெங்களூரு எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பி மதுரை, நாமக்கல், சேலம் வழியாகப் போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்லது, ஒரு நாள் லீவு மிச்சம்.

மும்பைக்கு நாகர்கோவிலிலிருந்தே நேர் ரயில் உண்டு, ஆனால் தினமும் கிடையாது. நாங்கள் திருவனந்தபுரம் போய் கொங்கண் வழியாகப் போகும் நேத்ராவதி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். வியாழன் காலை ஏறி வெள்ளி சாயங்காலம் குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கினோம். கச்சேரிக்கு முந்தைய நாள் சேர்வது மாதிரி திட்டமிடுங்கள். அன்றே காலையில் சேரும் ரயிலை நம்பிப் போனால் வழியெல்லாம் வயிற்றில் நெருப்புதான். ஜூன் முதல் அக்டோபர் வரை கொங்கண் பாதையில் மழைக்கால அட்டவணை வேறு.

விமானத்தில் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் போல. தங்குமிடம் எடுக்கும்போது ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். 2011-இல் மெட்டாலிகா வாசிக்கவிருந்த குர்கான் கச்சேரி, ஆட்கள் மைதானத்துக்குள் வந்துசேர்ந்த பிறகு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து பெங்களூரு கச்சேரி மட்டும்தான் நடந்தது. இப்படியும் ஆகும்.

ஐந்தாம் படி: காதைத் தயார் செய்தல்

நிறையப் பேர் விட்டுவிடும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

நம் மனதில் இருப்பது அவர்கள் இருபத்தைந்து வயதில் பாடிய குரல். மேடைக்கு வரப்போவது அறுபதைத் தாண்டியவர்கள். ஆக்சல் ரோஸ் 1962-இல் பிறந்தவர். மேல் ஸ்தாயியில் அந்தக் கிழியும் குரலை அப்படியே எதிர்பார்த்துப் போனால் முதல் பாட்டிலேயே முகம் வாடிவிடும். கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்தச் சுற்றுப்பயணத்தின் அண்மைக்கால நேரடிப் பதிவுகளைக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பாஸ் கேட்கும் ஏதாவது ஒன்றில். முதலில் மாமா, "மக்களே, இது அதே ஆளுதானா?" என்று கேட்டார். இரண்டு வாரம் கேட்டபின் அவரே, "தொண்டை போனாலும் தாளத்திலே விட மாட்டேங்கான் பாத்தியா" என்றார். அந்த நிலைக்கு வந்த பிறகு மைதானத்துக்குப் போனால் ஏமாற்றம் இருக்காது.

மூத்த பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொள்வது வழக்கம். நம்மூர் மெல்லிசை மேடையில் 'அரைக்கட்டை இறக்கிக்கோ' என்பார்களே, அதேதான். கிட்டார் தெரிந்தவர்கள் பழைய பதிவோடு சேர்ந்து வாசித்துவிட்டு, புதிய நேரடிப் பதிவோடும் வாசித்துப் பாருங்கள். எந்தப் பாட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். சுருதி இறங்கும்போது கம்பி தளர்ந்து கிட்டாரின் நாதம் தடிக்கும். குரலில் போன கூர்மைக்குப் பதில் கீழே ஒரு கனம் வரும். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும்.

எந்த வரிசையில் பாடுகிறார்கள் என்பதை செட்லிஸ்ட் தளங்களில் பார்க்கலாம். அதையும் ஒரு தடவை பார்த்துவைப்பது நல்லது, எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று தெரியும். கடைசிப் பாட்டு வரை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: உடம்பும் பையும்

மதியம் மூன்று மணிக்கு வரிசையில் நின்றால் ராத்திரி பத்து மணி வரை காலில்தான் நிற்க வேண்டியிருக்கும். மாமாவுக்கு முட்டிவலி. ஒரு மாதம் தினமும் சாயங்காலம் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் கோட்டை வரை நடந்து திரும்பினோம். பாட்டுக் கேட்டுக்கொண்டே நடந்ததால் ஐந்தாம் படியும் அதிலேயே நடந்தது. பழகிய மூடிய காலணி போடுங்கள், புதிது வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் மிதிபட்டால் தெரியும். பருத்திச் சட்டை. மே மாத மும்பையில் உடம்பு நம் கடற்கரை ஊர்களைவிட மோசமாக வியர்த்தது.

பையில் என்ன கொண்டுபோகலாம் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். தண்ணீர் பாட்டில், பெரிய பை, குடை, சில இடங்களில் பவர் பேங்க்கூட உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட்டோடு வரும் விதிமுறைகளை ஒருமுறை முழுசாக வாசியுங்கள். அடையாள அட்டை அசல், பிரஷர் சர்க்கரை மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு, ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு, இவ்வளவு போதும். ரயிலுக்கு மட்டிப் பழமும் முந்திரிக்கொத்தும் மாமி கட்டிக் கொடுத்தார். மட்டிப் பழம் இரண்டாம் நாளே கனிந்து குழைந்துவிடும், முதல் நாளே தின்று தீர்த்துவிடுங்கள். முந்திரிக்கொத்து திரும்பி வரும்வரை தாங்கும்.

காதடைப்பான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது பதினைந்து நிமிடம்தான் மிஞ்சும். ராக் கச்சேரி அந்த அளவை எளிதாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல்தான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானே போதும். அதை விரல்களுக்கு நடுவே பீடி சுருட்டுகிற மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சும்மா வாசலில் சொருகினால் பயன் இல்லை. ஃபோம் மேல் ஸ்தாயியை அதிகம் மழுக்கும். இசைக்காரர்களுக்கென்றே விற்கும் ரப்பர் வகையில் எல்லா ஸ்தாயியும் ஒரே அளவில் குறையும், விலை கூடுதல். கொயரில் வாசிக்கிறவர்களுக்கு அது எப்படியும் தேவைப்படும், வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: எங்கே நிற்பது

திருவிழா மேடையில் மைக்செட் அண்ணன் எங்கே உட்கார்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? விவரம் தெரிந்தவர் மேடையோரம் உட்கார மாட்டார். கூட்டத்துக்கு நடுவே, மேடைக்கு நேர் எதிரே மேசை போட்டுக்கொள்வார், ஜனங்களுக்குக் கேட்பதைத் தானும் கேட்க வேண்டும் என்பதற்காக. பெரிய ராக் கச்சேரியிலும் அப்படித்தான். மைதானத்தின் நடுவில் கூரை போட்ட ஒரு கூடாரம் இருக்கும், ஒலிப்பொறியாளர் அங்கேதான் இருப்பார். அவர் காதுக்கு ஏற்றபடிதான் மொத்தச் சத்தமும் சமன் செய்யப்படுகிறது. அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ இடம் பிடியுங்கள். எங்களுக்குப் பின்பகுதி டிக்கெட் கிடைத்ததில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடாரத்துக்கு நேர் கோட்டில் நின்றதால் பாஸும் டிரம்ஸும் தனித்தனியாகக் கேட்டன.

மேடையோர ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதீர்கள். அங்கே அடிவயிறு அதிரும், பாட்டு கேட்காது.

ரொம்பப் பின்னால் நின்றால் இன்னொன்று நடக்கும். சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போலத்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மர் அடிப்பதைப் பார்த்த பிறகுதான் அடி காதுக்கு வரும். குழித்துறை ஆற்றங்கரையில் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள், துணி கல்லில் விழுந்து மறுபடி மேலே போகும்போதுதான் சத்தம் வந்து சேரும். அதே கதை. அதனால் பின்னால் நிற்கிறவர்கள் கையைப் பார்த்துத் தாளம் போடாமல் காதை நம்புங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை, தண்ணீர், வெளியேறும் வழி மூன்றும் எங்கே என்று பாருங்கள். கூட வந்தவரைத் தவறவிட்டால் சந்திக்க ஓர் இடம் பேசிவையுங்கள், உள்ளே போன் எடுக்காது. எங்களுக்கு அது ஒரு மஞ்சள் விளக்குக் கம்பம்.

எட்டாம் படி: கச்சேரி நேரம்

சொன்ன நேரத்துக்கு முன்பே உள்ளே இருங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நம்மூர்த் திருவிழாவில் பத்து மணிக்கு போலீஸ் வந்து நிற்பது இதற்காகத்தான். விசேஷ அனுமதி இல்லாத திறந்தவெளிக் கச்சேரிகள் பத்துக்குள் முடிந்தாக வேண்டும். தாமதமாகப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

போனில் ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பையில் போடுங்கள். முதல் பாட்டை விட்டுவிடுங்கள், அதில் ஒலி இன்னும் சரியாகியிருக்காது. மூன்றாம் நாலாம் பாட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும்.

பிரிந்து சேர்ந்தவர்களைப் பார்க்கும்போது பாடகரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாசித்துக்கொண்டே ஒருவரையொருவர் எப்போது திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பாட்டின் முடிவை எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டிய நொடி இருக்கிறதே, அங்கே பழைய பழக்கம் தெரியும். இருபது வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கும் கை மறக்காது.

இருட்டிய பிறகு பியானோ வந்தது. அந்தப் பாட்டுதான். இடையில் எத்தனையோ தடவை யூடியூபில் முழுசாகக் கேட்டாயிற்று. இருந்தாலும் அந்த இடம் நெருங்கும்போது எங்கள் இருவர் காதும் இன்றுவரை 'டக்' சத்தத்துக்குக் காத்திருக்கும். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. அந்த இடம் வந்தது, பாட்டு நிற்காமல் மேலே போனது, தொப்பியோடு ஸ்லாஷ் கிட்டாரை உயர்த்தினார். மாமா ஒரு காதின் அடைப்பானை உருவிவிட்டார். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நான் தடுக்கவில்லை.

ஒன்பதாம் படி: திரும்புதல்

முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். மகாலட்சுமி ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் மட்டும்தான் நிற்கும். தாதர் வரை வந்துவிட்டால் அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் மாட்டுங்காவில் அறை எடுத்திருந்தோம், அங்கே காலையில் இட்லி கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக. பெங்களூருவில் மைதானம் ஊருக்கு வெளியே இருந்தால் திரும்பும் வண்டியை முன்பே பேசிவைத்துவிடுங்கள்.

காதில் 'ங்' என்று இரைச்சல் இருக்கலாம். ஒரு நாள் இரண்டு நாளில் அடங்கும். ரயிலில் ஹெட்போன் போடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மூன்றாம் நாளும் இரைச்சலோ அடைப்போ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது டிக்கெட் என்பது போனில் வரும் கட்டம் மட்டும்தான், ஆப்பைப் புதுப்பித்தால் அதுவும் காணாமல் போகும். அதனால் திரும்பும் ரயிலிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்த வரிசையில் என்ன பாடினார்கள், எங்கே நின்றீர்கள், யார் கூட வந்தார்கள், எந்த இடத்தில் குரல் உடைந்தது. ஒரு வாரம் போனால் பாதி கலந்துவிடும். திங்கள் இரவு வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கக்கூடப் போகாமல் அந்தப் பழைய கேசட் அட்டையை எடுத்தார். கடைசிப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், அதே மாதிரி நீலப் பேனாவால், 'முழுசு, 17-5-2025' என்று எழுதினார்.